கல்லீரலின் கீழ்நுனி

விபத்தில் அடிபட்டு வந்தவரின் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதா என்று படுக்கையருகிலேயே பார்க்கும் ஸ்கேனுக்கு ‘ஃபாஸ்ட்’ என்று பெயர். கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, இடுப்புக்குழியில், இதயத்தைச் சுற்றி என நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். எங்காவது கறுப்பாகத் தெரிந்தால், அடிபட்டவரைப் பொறுத்தவரை அது ரத்தம்தான் என்றே எடுத்துக்கொள்கிறோம். புதிதாகச் சேரும் மருத்துவர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குக் கை வர நாளாவது ‘இல்லை’ என்று சொல்வதில்தான்.

கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் இடையிலுள்ள மடிப்புக்கு ரூதர்ஃபோர்ட் மாரிசன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவரின் பெயர். பாடப்புத்தகப் படங்களில் அந்த மடிப்பின் நடுப்பகுதி பளிச்சென்று தெரியும். அதே படம் திரையில் வந்ததும் பலர் கையை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் கொஞ்சமாகக் கசிந்த ரத்தம் முதலில் தெரிவது பெரும்பாலும் கல்லீரலின் கீழ்நுனியில், சிறுநீரகத்தின் கீழ்முனையை ஒட்டித்தான். அதனால் ப்ரோபை இன்னும் ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி, அந்தக் கூரான நுனி முழுதாகத் தெரியும்வரை பார்க்க வேண்டும். பிறகு முன்னிருந்து பின்னாக மெதுவாகச் சாய்த்து, சிறுநீரகம் திரையில் தோன்றி மறையும்வரை போக வேண்டும். நிறுத்திவைத்த ஒரு படத்தை நம்பி நான் யாரையும் ‘ரத்தமில்லை’ என்று அனுப்பமாட்டேன். விலா எலும்பின் நிழல் குறுக்கே விழுந்தால், “ஐயா, மூச்சை இழுத்துப் பிடிங்க” என்பேன். கல்லீரல் கீழே இறங்கி வழிவிடும்.

இடப்பக்கக் கணக்கு வேறு. பெருங்குடலின் இடது வளைவை உதரவிதானத்தோடு கட்டிவைத்திருக்கும் ஒரு மடிப்பு, ரத்தம் கீழே வழியாமல் தடுக்கிறது. அதனால் அது மண்ணீரலுக்கு மேலே, உதரவிதானத்துக்கு அடியில் தேங்கும். வலப்பக்கப் பழக்கத்தில் சிறுநீரகத்தருகே மட்டும் தேடினால் கிடைக்காது. இங்கே கை இன்னும் மேலேயும் முதுகுப் பக்கமாகவும் போக வேண்டும். விரல் கணுக்கள் மெத்தையில் அழுந்தினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம்.

இடுப்புக்குழியைச் சிறுநீர்க்குழாய் போடுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும், நிறைந்த சிறுநீர்ப்பைதான் அங்கே ஜன்னல். அதற்குப் பின்னால் திரை அளவுக்கு மீறி வெளுத்துத் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கெயினைக் குறைக்காவிட்டால் அந்த வெளிச்சத்திலேயே மெல்லிய கறுப்பு கரைந்துபோகும்.

கறுப்பெல்லாம் ரத்தமுமல்ல, ரத்தமெல்லாம் கறுப்புமல்ல. சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பு சிலருக்குக் கறுத்துத் தெரியும், ஆனால் இருபுறமும் வெள்ளைக்கோடு கட்டியிருக்கும். ரத்தத்துக்கு அப்படி வரம்பு கிடையாது, இடுக்குகளில் கூராகப் புகுந்து நிற்கும். உறைந்த ரத்தமோ சாம்பல் நிறத்தில், கல்லீரலோடு கல்லீரலாகத் தெரியும்.

இந்த ஸ்கேனின் எல்லையை நான் மதிக்கிறேன். 1995இல் வெளியான ஓர் ஆய்வில், வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தைச் செலுத்தியபடியே மாரிசன் மடிப்பைப் பார்த்தார்கள். சராசரியாக 600 மில்லிலிட்டரைத் தாண்டிய பிறகே பார்த்தவர்களின் கண்ணில் அது பட்டது. தலைப்பக்கத்தைத் தாழ்த்தினால் இன்னும் குறைந்த அளவும் தெரியும். வயிற்றுறைக்குப் பின்னால் கசியும் ரத்தத்தையும் குடல் கிழிசலையும் இந்த ஸ்கேனை வைத்து இல்லையென்று சொல்லவே முடியாது.

ரத்த அழுத்தம் சரிந்து, ஸ்கேனில் ரத்தமும் தெரிந்தால், அறுவை அரங்கை அழைப்பதில் தயங்க ஒன்றுமில்லை. நிலையாக இருப்பவருக்கு சி.டி. எடுக்க நேரமிருக்கிறது. நடுவில் இருப்பவர்கள்தான் என் கவலை. அவர்களுடைய கேஸ் ஷீட்டில் ‘ரத்தமில்லை’ என்று எழுதவேண்டாம், ‘இத்தனை மணிக்குப் பார்த்தவரை தெரியவில்லை’ என்று எழுதுங்கள் என்பேன். நேரம் எழுதியிருந்தால்தான் அடுத்து பணிக்கு வருபவர் மறுபடியும் ஜெல்லைக் கையிலெடுப்பார். நாடித்துடிப்பு ஏறினாலோ, வயிற்றுவலி கூடினாலோ அடுத்தவர் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே ப்ரோபை வையுங்கள், கீழ்நுனியிலிருந்தே தொடங்குங்கள்.