பாஸ்டனிலிருந்து இரண்டு பாதைகள்

கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்கள் அமெரிக்கா என்னும் நாட்டை முதலில் அறிந்தது மருத்துவமனையின் வழியாகத்தான். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் பாகாயத்தையும் அடுக்கம்பாறையையும் கடந்து தெற்கே வந்தால் கணியம்பாடி. அதற்கப்பால் சவ்வாது மலையின் அடிவாரம். 1900இல் ஐடா ஸ்கடர் என்னும் அமெரிக்கப் பெண்மணி வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சிகிச்சையகம் இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து நிற்கிறது. பாகாயத்தில் இருக்கும் அதன் சமுதாய நலத்துறை பல பத்தாண்டுகளாக இவ்வொன்றியத்தின் ஊர்களுக்குச் செவிலியரையும் மருத்துவரையும் அனுப்பி வருகிறது. நம் ஊர்களில் அவர்களுக்குக் கடன்படாத குடும்பம் அரிது.

ஆகவே இவ்வட்டாரத்தில் அமெரிக்க வரலாறு என்று பேச்செடுத்தால் அது ஸ்கடர் குடும்பத்தில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அக்குடும்பத்தை இங்கே அனுப்பிய நாடு அந்நாளில் எந்நிலையில் இருந்தது, தன் எல்லைக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் விடை சங்கடமானது. எனினும் தமிழ் பயில்வோர்க்கு அது நெருங்கிய தொடர்புடையது என்பதால் இங்கே எழுதத் துணிகிறோம்.

1800இல் அமெரிக்க ஐக்கிய நாடு 16 மாநிலங்களும் ஏறத்தாழ 53 லட்சம் மக்களும் கொண்ட, கடலோரத்தை ஒட்டிய இளங்குடியரசு. 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியபோது அதன் பரப்பு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 1821இல் மாநிலங்கள் 24 ஆயின. 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டு நியூயார்க் துறைமுகம் பேரேரிகளோடு இணைந்தது. 1830இல் மக்கள்தொகை ஒரு கோடியே 28 லட்சத்தைக் கடந்தது. வடக்கே நியூ இங்கிலாந்தில் பஞ்சாலைகள் எழுந்தன. தெற்கே அவ்வாலைகளுக்கான பருத்தியை அடிமைகள் விளைவித்தனர். வாக்குரிமை சொத்துடையோரிடமிருந்து வெள்ளை ஆடவர் அனைவருக்குமாக விரிந்துகொண்டிருந்தது. அவ்வாக்குகளின் பலத்தில் ஆண்ட்ரூ ஜாக்சன் 1829இல் குடியரசுத் தலைவரானார்.

இவ்வளர்ச்சியின் நடுவே நம் வேலூரோடு தொடர்புடைய ஓர் ஆண்டு உண்டு. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த மாதம் மாசசூசெட்ஸ் மாநிலத்து வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐவர், மழைக்கு ஒரு வைக்கோற்போரின் அடியில் ஒதுங்கி நின்று, ஆசிய நாடுகளுக்குச் சமயப்பணியாளராகச் செல்வது பற்றிப் பேசினர். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு நிகழ்ச்சிகளும் ஆறாண்டுகளில் ஒன்றையொன்று சந்தித்தன. அம்மாணவர்களின் உந்துதலால் 1810இல் பாஸ்டனை மையமாகக் கொண்டு அமெரிக்க அயல்நாட்டு மிஷன் சங்கம் அமைந்தது. அதன் முதல் குழு 1812இல் கல்கத்தாவில் வந்திறங்கியதும், திரும்பிப் போகுமாறு கிழக்கிந்தியக் கம்பெனி ஆணையிட்டது. அவ்வாண்டு அமெரிக்காவும் பிரிட்டனும் போரில் இறங்கியது ஒரு காரணம். மற்றொன்று, வேலூர்க் கிளர்ச்சிக்குப் பின் சமயப் பரப்புரை என்றாலே கம்பெனிக்கு ஏற்பட்டிருந்த அச்சம்.

கம்பெனி ஆட்சிக்கு அப்பாற்பட்ட இலங்கைக்கு அவர்கள் திரும்பியது இதனால்தான். 1816இல் டேனியல் பூர் உள்ளிட்டோர் யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியேறினர். 1819இல் நியூயார்க் மருத்துவர் ஜான் ஸ்கடர் கப்பலேறினார். அவர் மனத்தை மாற்றிய சிறுநூலை எழுதியவர்கள் ஹாலும் நியூவெலும். 1812இல் கல்கத்தாவில் இடம் மறுக்கப்பட்ட அதே குழுவினர். இலங்கையிலும் வரவேற்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1820இல் அங்கிருந்த பிரிட்டிஷ் ஆட்சி இனிப் புதிய அமெரிக்கர் வரக்கூடாதெனத் தடுத்தது. அச்சுப்பணிக்கென வந்தவரும் வெளியேற நேர்ந்தது. தடை நீங்க 1833 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது நம்மில் சிலர் அறிந்த கதை. அறியாத பாதி இனிமேல்தான்.

யாழ்ப்பாணத்துக்கு ஆள் அனுப்பிய மறு ஆண்டே, 1817இல், அதே சங்கம் டென்னஸியில் செரோக்கி மக்களிடையே பிரெய்னர்டு என்னும் நிலையத்தைத் தொடங்கியது. அமெரிக்காவின் தொல்குடிகளுள் செரோக்கியர் ஒரு பெரும் இனத்தார். ஜார்ஜியா, டென்னஸி, அலபாமா, வட கரோலினா எல்லைகளில் வாழ்ந்தவர். இரண்டு நிலையங்களுக்கும் ஒரே செயலகம், ஒரே கருவூலம். சங்கத்தின் திங்களிதழான மிஷனரி ஹெரால்டில் யாழ்ப்பாணத்துக் கடிதமும் செரோக்கிக் கடிதமும் ஒரே கட்டுக்குள் அச்சாயின. தமிழ் கற்கவும் செரோக்கி கற்கவும் ஒரே அலுவலகம் ஆட்களை அனுப்பியது.

மொழி பயில்வோர் வியந்து நிற்க வேண்டிய இடம் இது. செக்கோயா என்னும் செரோக்கியர், ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர், தம் மொழிக்கென ஓர் அசையெழுத்து முறையைத் தாமே ஆக்கி 1821 வாக்கில் நிறைவு செய்தார். சில ஆண்டுகளுக்குள் அவ்வெழுத்து அம்மக்களிடையே பரவியது. 1827இல் அவர்கள் தமக்கென அரசியலமைப்பு ஒன்றை எழுதிக்கொண்டனர். 1828 பிப்ரவரி 21 அன்று நியூ எக்கோட்டாவிலிருந்து ‘செரோக்கி ஃபீனிக்ஸ்’ என்னும் இருமொழிச் செய்தித்தாள் வெளிவந்தது. ஆசிரியர் எலியாஸ் பூதினோ, செரோக்கியர். அச்செழுத்துகள் பாஸ்டனில் வார்க்கப்பட்டன; அதற்குத் துணைநின்றவர் சங்கத்தின் பணியாளர் சாமுவேல் உஸ்டர். யாழ்ப்பாணத்தின் ‘உதயதாரகை’ 1841இல்தான் வந்தது. அவ்வகையில் செரோக்கி இதழியல் யாழ்ப்பாணத் தமிழ் இதழியலுக்கு மூத்தது.

இதே வேளையில் ஜார்ஜியாவில் செரோக்கியர் நிலத்தில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. பருத்திக்கு நிலம் வேண்டியோர் ஏற்கெனவே காத்திருந்தனர். தொல்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெயர்க்கும் சட்டம் 1830இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சங்கத்தின் செயலாளர் ஜெரமையா எவர்ட்ஸ், வில்லியம் பென் என்னும் புனைபெயரில் அதை எதிர்த்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். பல ஊர்களிலிருந்து எதிர்ப்பு மனுக்கள் குவிந்தன. கீழவையில் 102க்கு 97 என்ற வாக்குகளில் சட்டம் நிறைவேறியது. மே 28 அன்று ஜாக்சன் கையெழுத்திட்டார். எவர்ட்ஸ் மறு ஆண்டு காலமானார்.

ஜார்ஜியா அரசு அடுத்ததாக, செரோக்கி நிலத்தில் வாழும் வெள்ளையர் தன்னிடம் உரிமம் பெற்று விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டுமென்றது. உஸ்டர் மறுத்தார். 1831இல் அவருக்கும் பட்லர் என்னும் மருத்துவப் பணியாளருக்கும் நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1832 மார்ச் 3 அன்று தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், செரோக்கி நிலத்தில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தார். தீர்ப்பு ஏட்டில் இருந்தது. உஸ்டர் சிறையில் இருந்தார். மேலும் பல மாதம் சென்றபின், வழக்கைத் தொடராமல் விடுதலையை ஏற்குமாறு சங்கமே அவருக்கு அறிவுரை கூறியது. 1833 ஜனவரியில் அவர் வெளிவந்தார். எவர்ட்ஸ் நடத்திய போராட்டத்தைச் சங்கம் அத்தோடு கைவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

1834இல் ஃபீனிக்ஸ் நின்றது. 1835இல் ஜார்ஜியப் படையினர் அதன் அச்சுப்பொறியைக் கைப்பற்றினர். அவ்வாண்டின் இறுதியில் ஒரு சிறுபான்மைக் குழு நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. இனி வேறு வழியில்லையென்று எண்ணிய பூதினோவும் அதிலொருவர். 1838இல் படைகள் வந்தன. ஏறத்தாழ 16,000 செரோக்கியர் மேற்கே பெயர்க்கப்பட்டனர். முகாம்களிலும் வழியிலும் மாண்டோர் ஏறக்குறைய 4,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. பூதினோ 1839இல் சொந்த இனத்தாராலேயே கொல்லப்பட்டார். உஸ்டர் அம்மக்களோடு மேற்கே சென்று, 1859இல் இறக்கும்வரை அவர்கள் மொழியில் அச்சிட்டுக்கொண்டிருந்தார்.

அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் நடந்ததை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. ‘உதயதாரகை’யின் முதலாசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் தமிழர்களே, மிஷன் மாணவர்களுக்கு அமெரிக்கப் பெயர் சூட்டும் வழக்கத்தின் எச்சம் அப்பெயர்கள். செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மைரன் வின்ஸ்லோவும் ஜான் ஸ்கடரும் 1836இல் சென்னைக்கு வந்தனர். வின்ஸ்லோவின் தமிழ் – ஆங்கில அகராதி, 67,000க்கும் மேற்பட்ட சொற்களோடு, 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் வெளியாயிற்று. ஸ்கடரின் மகன்கள் 1853இல் ஆர்க்காடு மிஷனை அமைத்தனர். அவ்வழியில் வந்த பேத்தியே வேலூரின் ஐடா ஸ்கடர்.

ஒரே சங்கம், ஒரே காலம், ஒரே வகை மனிதர். விளைவுகள் ஏன் இத்தனை வேறுபட்டன?

தமிழர் கற்க முன்வந்தனர், செரோக்கியர் வரவில்லை என்று சொல்ல இடமில்லை. எழுத்து, அச்சு, அரசியலமைப்பு, செய்தித்தாள், வழக்குமன்றம் என நவீன உலகம் கேட்ட கருவிகள் அனைத்தையும் செரோக்கியர் ஒரு தலைமுறைக்குள் கையிலெடுத்தனர். வழக்கில் வென்றும் காட்டினர். அங்கு வந்த பணியாளர் யாழ்ப்பாணத்துக்கு வந்தவரைவிடக் குறைந்தவர் என்பதும் பொருந்தாது. பூர் சிறை செல்லவில்லை, உஸ்டர் சென்றார். வேறுபாடு நிலத்தில் இருந்தது. செரோக்கியர் நின்ற நிலம் அமெரிக்காவுக்கு வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்து மண் அமெரிக்காவுக்கு வேண்டியதாக இல்லை. இங்கு அமெரிக்கர் அயலார். இன்னொரு பேரரசின் அனுமதியில் தங்கியிருந்தோர். எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடியோர். கையில் படையோ சட்டமோ இல்லாதவர் செய்யக்கூடியது மொழி கற்பது, பள்ளி நடத்துவது, மருந்து கொடுப்பது, வாதிடுவது. வாதத்துக்கு வாதம் கொடுக்கவும் தமிழருக்கு இடமிருந்தது. ஆறுமுக நாவலர் பள்ளியும் அச்சகமும் நிறுவி எதிர்நின்றது அவ்விடத்தில்தான்.

இதனால் அவர்களுடைய பணியை எளிதாக்கிவிடுவதாக யாரும் கருதலாகாது. அவர்தம் முதல் நோக்கம் மதமாற்றமே, அது ஒளிக்கப்பட்டதுமில்லை. அந்நோக்கத்துக்கு ஆங்கிலக் கல்வி உதவவில்லை என்று கருதியபோது 1855இல் செமினரியையே மூடினர். சங்கத்துக்கு வந்த கொடையில் அடிமை உடைமையாளரின் பணமும் இருந்தது. அதை ஏற்கலாகாதென்று வாதிட்டோர் 1846இல் தனியே வேறு சங்கம் கண்டனர். இத்தனையும் சேர்ந்ததே நமக்கு வந்த கொடை. அதனால் அகராதியின் ஒரு சொல்லும் பொய்யாகிவிடவில்லை; சிகிச்சையகத்தில் பிழைத்த ஓர் உயிரும் குறைந்துவிடவில்லை. நன்றி சொல்வதற்கு வரலாற்றைப் பாதியாக வெட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பதே நாம் சொல்ல வந்தது.

வகுப்பில் தமிழ் அகராதி வரலாறு நடத்துகையில் ஒருமுறை இக்கதையையும் சேர்த்துச் சொன்னோம். சவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் மாணவர் ஒருவர், வகுப்பு முடிந்ததும் வந்து, “தீர்ப்பு அவங்க பக்கம் வந்த பிறகும் ஏன் ஐயா போக வேண்டி வந்தது?” என்று கேட்டார். மற்ற மாணவர்க்கு அது அயல்நாட்டுச் செய்தி. அவருக்கு அப்படியில்லை. 1882இன் சென்னை வனச்சட்டத்துக்குப் பின், மலையாளிப் பழங்குடியினர் வழிவழியாகப் புழங்கிய காடுகள் காப்புக்காடுகளாயின. காட்டில் புழங்கும் உரிமை அதிகாரியின் அனுமதியாகச் சுருங்கியது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. அதன்பின்னும் தமிழ்நாட்டில் உரிமைப் பட்டா வழங்குவது நீதிமன்ற இடைக்கால ஆணையால் தடைபட்டு, 2016இல்தான் அத்தடை நீங்கியது. செரோக்கியர் பட்டதையும் இம்மலையில் நடந்ததையும் சமமென்று நாம் சொல்லவில்லை. அளவிலும் கொடுமையிலும் அவை வேறு. ஆனால் எழுதப்பட்ட உரிமைக்கும் காலடி மண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவை அம்மாணவர் நம்மைவிட நன்கறிவார்.

அவருக்கு நாம் சொன்ன விடை இது: தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய கைகளே நிலத்தை விரும்பிய கைகளாகவும் இருந்தன. கேட்டுவிட்டு, அந்தச் செய்தித்தாள் இப்போதும் படிக்கக் கிடைக்குமா என்றார். கிடைக்கிறது, அதன் பழைய இதழ்கள் இணையத்தில் உள்ளன. செரோக்கி ஃபீனிக்ஸ் என்ற பெயரிலேயே அம்மக்களின் இதழ் இன்று மீண்டும் வெளிவருகிறது என்பதையும் சொல்லி, முதல் இதழின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினோம். இடப்பத்தியில் ஆங்கிலம், வலப்பத்தியில் செக்கோயாவின் எழுத்து என்று நாம் விளக்குமுன்பே, அறியாத அவ்வெழுத்துகளின்மேல் விரல் வைத்து, எத்தனை எழுத்துகள் என்று எண்ணத் தொடங்கிவிட்டார்.