பதிவேட்டில் ஒரு தாய்

நாஞ்சில் நாட்டில் பிள்ளைப்பேறு வீட்டின் உள்ளறையில் நிகழ்ந்த காலத்தில், ஊர் மருத்துவச்சிக்குச் சான்றிதழ் கிடையாது. தாயிடமோ மாமியாரிடமோ பழகிய கைத்திறனே அவளது கல்வி. தூய்மை பற்றிய அறிவின்மையால் தாய்மார் மாண்டதும் உண்மையே. ஆயினும் அவள் கையேந்திய குழந்தை அவள் கண்முன் அதே தெருவில் வளர்ந்தது. தான் தொட்ட பெண் யாரென்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஊரும் ஒரு கண்காணிப்பாக இருந்தது.

நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இணைந்திருந்த நாளில், டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் லண்டனில் மருத்துவம் பயின்று, 1916-இல் திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை அமையக் காரணமாயிருந்தவரும் அவரே. அவர் நாட்டு மருத்துவச்சிகளைப் பழித்து ஒதுக்கவில்லை. அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்து, அவர்களின் ஆதரவைத் தேடினார். புதிய அறிவு பழைய உறவின் வழியாகவே வீடுகளுக்குள் நுழைய முடியும் என்பதை இது காட்டுகிறது.

திருச்சபையிலோ துறவறச் சகோதரியர்க்குப் பேறுகாலப் பணி நெடுங்காலம் விலக்கப்பட்டிருந்தது. இராவல்பிண்டியில் பணியாற்றிய மருத்துவர் அன்னை ஆன்னா டெங்கல் போன்றோரின் விடாமுயற்சிக்குப் பின், 1936 பிப்ரவரி 11 அன்று உரோமை விசுவாசப் பரப்புப் பேராயம் அத்தடையை நீக்கியது. இப்பணிக்கு வருவோர் முறையான சான்றிதழ் பெறவேண்டும் எனவும் அது விரும்பியது. இரக்கம் மட்டும் போதாது. அது கற்றுத் தேர்ந்த இரக்கமாயிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள் எனக் கொள்கிறோம்.

ஆனால் கற்பது எவ்வாறு? பயிற்சி மாணவி ஒவ்வொருத்தியும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பேறுகளைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெற வேண்டும். "இன்னும் ரெண்டு கேஸ் வேணும்" என்று மாணவியர் பேசிக்கொள்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தேர்வு நெருங்குகிறது, அவ்வளவே. எனினும் அந்தக் 'கேஸ்' ஒரு தாய். வலியில் துடிப்பவளை ஒருவர் பின் ஒருவராகப் பலர் பரிசோதிக்கையில், அவளிடம் அனுமதி கேட்டவர் யார்? வலி மிகுமுன், புரியும் மொழியில், "நான் பயிற்சி மாணவி, பார்க்கலாமா அக்கா?" என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும். அவள் மறுத்தால் விலகி நிற்பதும் பயிற்சியின் பாடமே.

பதிவேட்டைவிட முக்கியமானது பார்ட்டோகிராப் எனும் வரைபடம். 1972-இல் ஆப்பிரிக்காவில் ஃபில்பாட், காசில் என்னும் மருத்துவர்கள் அதில் எச்சரிக்கைக் கோட்டைச் சேர்த்து மேம்படுத்தினர். பேறு தடைப்படுவதை உரிய நேரத்தில் கண்டு, தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப அது உதவும். பேறு முடிந்தபின் நினைவிலிருந்து நிரப்பப்படும் வரைபடம் வெறும் சோம்பலின் அடையாளமன்று, அது பொய்ச்சாட்சி. அதை நம்பி ஆய்வு செய்பவர் பொய்யையே ஆய்கிறார். அதைக் கண்டு பழகும் மாணவி பொய்யையே கற்கிறாள்.

ஆய்வு நமக்கும் கட்டளையிடுகிறது. எல்லாத் தாய்மாருக்கும் வழக்கமாகப் பிறப்புவாயை வெட்டித் தையலிடுவதும், வயிற்றை மேலிருந்து அழுத்துவதும் வேண்டாமென்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. 'இதுவே நம் வழக்கம்' என்று மூத்தவர் கூறினும், மாணவி பணிவோடு காரணம் கேட்க வேண்டும். பாரவோனின் ஆணைக்குப் பணிய மறுத்த சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்களை விடுதலைப் பயண நூலில் வாசிக்கிறோம். எளிய பணியிலிருந்தாலும் மனச்சான்றைப் பிறரிடம் ஒப்படைக்க இயலாது.

நம் பங்குகளிலிருந்து எத்தனையோ மகளிர் செவிலியராகச் செல்கின்றனர். விடுமுறைக்கு வரும் மகளிடம் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் வினவுகிறோம். பதிவேட்டில் எழுதிய தாய்மாரில் ஒருத்தியின் பெயராவது நினைவிருக்கிறதா என்றும் வினவுவோம். அவள் தயங்காமல் பெயர் சொன்னால், நல்ல மருத்துவப் பெண் ஒருத்தி உருவாகிறாள் என்று நாம் மகிழலாம்.