மயில் கழுத்து வண்ணம்

வீட்டுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்ட பொருள்களுக்குக் குடும்பத்தில் ஓர் இடம் கிடைத்துவிடுகிறது. அவற்றைத் தள்ளிவிடவும் மனம் வருவதில்லை. முழுதும் நம்பவும் முடிவதில்லை. தில்லியில் எங்கள் வீட்டுக் கூடத்தின் மூலையில் இருக்கும் புகைப்பட அச்சுப்பொறி அத்தகையது. பிள்ளைகளின் பள்ளி அடையாளப் படங்கள், நவராத்திரிக் கொலுப் படங்கள், ஊரில் இருப்போருக்கு அனுப்பிய பிறந்தநாள் படங்கள் என்று பன்னிரண்டு ஆண்டுகளாக உழைத்த பொறி அது. எல்லோரும் கைப்பேசியிலேயே படம் பார்க்கத் தொடங்கிய பின் அதற்கு வேலை குறைந்தது. வேலை குறைந்ததே அதன் நோய்க்கு ஒரு காரணம் என்பதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம்.

அம்மாவுக்கு நெடுநாளாக ஒரு வழக்கு உண்டு. 1978ஆம் ஆண்டு, திருமணம் முடிந்த மறுவாரம், கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் அப்பாவும் அம்மாவும் எடுத்துக்கொண்ட வண்ணப் படம் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அதில் அம்மாவின் பட்டுப்புடவை துருவேறிய செம்பழுப்பாகத் தெரிகிறது. அம்மாவோ அது மயில் கழுத்து நிறம் என்று சாதிப்பார். "பாட்டி, படம் பொய் சொல்லுமா?" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். நாங்களும் வெளியே சிரிக்காவிட்டாலும், வயதானால் நினைவு தடுமாறத்தானே செய்யும் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டோம். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் புடவைக்கு வேறு சாட்சி இல்லை.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் ஊருக்குப் போய்த் திரும்பிய பின், அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டமிட்டு அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோம். அதற்காகப் படித்தபோது ஓர் உண்மை எங்களைத் திடுக்கிட வைத்தது. அக்கால வண்ணப் படத்தாளில் சயான் எனும் பசுநீலம், மெஜந்தா எனும் கருஞ்சிவப்பு, மஞ்சள் ஆகிய மூன்று சாயங்கள் அடுக்கடுக்காக இருக்கும். வெயில் படாமல் ஆல்பத்துக்குள் இருளில் மூடி வைத்தாலும், அவற்றுள் சயான் சாயமே பெரும்பாலும் முதலில் அழிந்துபோகும். எஞ்சிய இரண்டும் சேர்ந்தால் சிவப்புத்தானே! ஆகவே பழைய படங்கள் சிவந்து தோன்றுவது சாயத்தின் சிதைவு. காட்சியின் உண்மை அன்று. படம் பொய் சொல்லும் என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

படத்தை ஸ்கேனரில் இட்டுக் கணினியில் ஏற்றி, இழந்த நீலத்தை மகள் மெல்ல மெல்லக் கூட்டினாள். திரையில் புடவை பசுநீலமாக மலர்ந்தது. ஆவலோடு அச்சிட்டோம். தாளில் வந்ததோ மீண்டும் அதே செம்பழுப்பு! நீலத்தை இன்னும் கூட்டினோம். திரை கண்ணைப் பறித்ததே தவிர, தாள் மாறவில்லை. "பார்த்தீர்களா, அது சிவப்புப் புடவைதான்" என்றான் மகன். அம்மா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அந்த மௌனம் எங்களை உறுத்தியது. குற்றம் மூலப் படத்திலா, திரையிலா, பொறியிலா என்று பிரித்தறியாமல் நீலத்தையே கூட்டிக்கொண்டிருந்தது எங்கள் பேதைமை. நன்றாகத் தெரிந்த வேறொரு படத்தை, பிள்ளைகள் குதுப்மினார் முன்னே நிற்பதை, அச்சிட்டுப் பார்த்தோம். தில்லி வானம் இளஞ்சிவப்பாக வந்தது. நோயாளி யார் என்பது தெளிவாயிற்று.

இத்தகைய பொறியின் அச்சுத் தலையில் கண்ணுக்குப் புலப்படாத நூற்றுக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே மை துளித்துளியாகத் தாளில் தெறிக்கிறது. துளியின் அளவை பிக்கோலிட்டரில் கணக்கிடுவார்கள். ஒரு பிக்கோலிட்டர் என்பது ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மையைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளுவது ஒரு முறை. மின்னழுத்தத்தால் வளையும் படிகத்தால் தள்ளுவது மற்றொரு முறை. முதல் முறைக்கு வித்திட்டது ஒரு தற்செயல். 1977இல் ஜப்பானில் கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், மை நிரம்பிய ஊசிமுனையில் சூடான பற்றவைப்புக் கோல் பட்டுவிட, மை தெறித்ததாம்! அவ்வளவு நுண்ணிய துளையில் மை ஒருமுறை உலர்ந்தால் அடைப்புத்தான். தில்லியின் வைகாசி, ஆனிக் காற்றோ ஈரத்துணியையும் நொடியில் உலர்த்துவது. நாங்கள் ஊரில் இருந்த இரண்டு மாதமும் பொறி அந்த அனல் வீட்டில் அடைபட்டுக் கிடந்தது.

துளைச் சோதனைக்கென்று பொறியிலேயே ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு நிறத்துக்கும் மெல்லிய கோடுகளால் ஒரு கட்டம் வரைந்து காட்டும். எங்கள் பொறிக்கு ஆறு மைகள். கறுப்பும் மஞ்சளும் சிவப்புகளும் முழுமையாக வந்தன. இளநீலம் பல் விழுந்த வாய்போல இருந்தது. சயான் கட்டமோ வெறுமையாக இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆல்பத்தில் மாண்ட அதே நிறம், இப்போது பொறியிலும் மாண்டிருந்தது. அம்மாவின் வழக்கு இரண்டு முறை ஒரே இடத்தில் தோற்றிருக்கிறது!

தலையைத் தூய்மை செய்யும் கட்டளையைக் கொடுத்தோம். மூன்று முறை கொடுத்தும் சில கோடுகளே தெரிந்தன. ஒவ்வொரு தூய்மைக்கும் எல்லா நிற மையும் உறிஞ்சப்பட்டு, அடியில் உள்ள பஞ்சில் வீணாகச் சேர்கிறது. அப்பஞ்சு நிரம்பிவிட்டதாகக் கணக்கு காட்டினால் பொறியே வேலைநிறுத்தம் செய்துவிடும். ஆகையால் அத்துடன் நிறுத்தினோம். நேரு பிளேஸில் ஒரு பழுதுபார்ப்பவர், இதற்குச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்றார். அவர் கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் எங்களுக்கு ஒரு படம் பாக்கி இருந்தது.

குழாய் நீரில் உப்பு மிகுதி. அது அடைப்பை வளர்க்கும். இன்வெர்ட்டர் பாட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீர் வீட்டில் இருந்தது. நூல் உதிராத துணியை மடித்து அதில் நனைத்து, அச்சுத் தலையின் அடியில் படும்படி வைத்து ஓர் இரவு விட்டோம். மறுநாள் துணியில் நீலம் படர்ந்திருந்தது. துணியை எடுத்துவிட்டு ஒருமுறை மட்டும் தூய்மை செய்து சோதித்தோம். ஒரு கோடு தவிர மற்றவை வந்துவிட்டன. அடுத்த நாள் அதுவும் வந்தது.

இன்னும் இரண்டு தடைகள் இருந்தன. படத்தின் குறுக்கே மெல்லிய வரிகள் விழுந்தன. தலையை நேர்செய்யும் கட்டளையைக் கொடுத்து, கணினியில் சாதாரணத் தாள் என்றிருந்ததைப் பளபளப்புப் புகைப்படத் தாள் என்று மாற்றியதும் அவை மறைந்தன. ஆவணி மாத ஈரத்தைக் குடித்திருந்த பழைய தாளில் மை உலராமல் பிசுபிசுத்தது. புதிய கட்டைப் பிரித்தோம்.

அடைப்புக்கு மற்றொரு காரணமும் இருந்தது. பொறியை அதன் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான், தலை தன் இருப்பிடம் சேர்ந்து மூடியில் ஒழுங்காகப் பொருந்தும். சுவர்ப் பொத்தானை நேரே அணைத்தால் தலை பாதி வழியில், திறந்த வாயோடு நின்றுவிடக்கூடும். எங்கள் வீட்டில் ஒவ்வோர் இரவும் சுவர்ப் பொத்தான்களையெல்லாம் அணைப்பவர் அம்மா. ஒற்றைச் சம்பளத்தில் இந்த ஊரில் குடும்பம் நடத்திய காலத்தில் படிந்த சிக்கனம் அது. அதைச் சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. சுற்றி வளைத்துச் சொன்னபோது அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் என் புடவையை நானே சிவப்பாக்கிக்கொண்டேனா?"

படம் வந்த அன்று மாலை, அம்மா பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிறு துணித் துண்டை எடுத்து வந்தார். புடவை நைந்தபின் வெட்டி வைத்த முந்தானை ஓரம். இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் காட்டவில்லை என்று கேட்டோம். "என் சொல்லை நம்பாதவர்களுக்குத் துணியைக் காட்டி என்ன?" என்றார். பால்கனி வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். முற்றிலும் ஒன்றாக இல்லை. படத்தில் பச்சை ஒரு சாயல் குறைவு. "பரவாயில்லை, பக்கத்தில் வந்துவிட்டது" என்றார் அம்மா. மகன் துணியைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறிய படமாவது அச்சிடுகிறோம். துளைகள் உலராமல் இருக்கின்றன. படத்தை வெயில் படாத சுவரில் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறோம். ஆயினும் இந்த மையும் ஒருநாள் மங்கும் என்பதை அறிவோம். அதனால் சட்டத்தின் பின்புறம் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "கும்பகோணம், 1978. புடவை மயில் கழுத்து நிறம். அம்மா சொன்னது."