பை பவளமாகும் வீடு

லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வடகிழக்கில் இருக்கிறது ஹைலண்ட் பார்க். அங்கிருந்து கடல் கண்ணுக்கெட்டாத தூரம். ஆனால் மழைநாளில் அங்கே தெருவில் விழும் பிளாஸ்டிக் பைக்கு வழி தெரியும். மழைநீர்க் கால்வாயில் இறங்கி, அர்ரோயோ செக்கோ ஓடையில் சேர்ந்து, கான்கிரீட் பூசப்பட்ட லாஸ் ஏஞ்சலீஸ் ஆற்றோடு போய் லாங் பீச்சில் பசிபிக்கைத் தொட்டுவிடும்.

இந்தப் பகுதியில் ஒரு வீட்டின் கூடத்தில்தான் 2005-ல் பவளத்திட்டு ஒன்று முளைத்தது. குரோஷா ஊசியில் பின்னிய பவளம். பின்னியவர்கள் இரட்டைச் சகோதரிகளான மார்கரெட், கிறிஸ்டீன் வெர்ட்தைம். முதலாமவர் அறிவியல் எழுத்தாளர், மற்றவர் கலைக் கல்லூரி ஆசிரியை. இருவருக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. கிரேட் பேரியர் ரீஃப் நீண்டு கிடப்பது அந்த மாநிலத்துக் கரையோரம்தான். அது வெளுத்துக்கொண்டிருந்த துக்கத்தில் கம்பளி நூலை எடுத்தார்கள்.

வித்தை எளியது. சில கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூடுதலாகப் போட்டால், பின்னல் தட்டையாக இருக்க மறுத்து மடிப்பு மடிப்பாக அலையடிக்கும். கணிதம் இதை ஹைபர்பாலிக் பரப்பு என்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித ஆசிரியை 1997-ல் குரோஷாவில் பின்னிக் காட்டிய வடிவம் இது. பல பவளங்கள் வளர்வதும் இப்படித்தான்.

அதே 1997-ல் சார்லஸ் மூர் என்பவர் ஹவாயிலிருந்து கலிஃபோர்னியாவுக்குப் பாய்மரப் படகில் திரும்புகையில், நடுக்கடலில் நாள்கணக்கில் பிளாஸ்டிக் குப்பை மிதப்பதைப் பார்த்தார். சகோதரிகளின் கம்பளித் திட்டின் பக்கத்தில் நச்சுத் திட்டு ஒன்றும் வளர்ந்தது. பையின் கைப்பிடியையும் அடியையும் வெட்டியெறிந்து, மிச்சத்தைக் குறுக்கே வளையங்களாக நறுக்கி, ஒன்றில் ஒன்றைக் கோத்தால் நூல் தயார். பழைய வீடியோ டேப்பும் பின்னலில் சேர்ந்தது. குரோஷாவுக்கு இயந்திரம் கிடையாது. கடையிலிருந்து வீடு வருவதற்குள் வேலை முடிந்துவிட்ட ஒரு பைக்காக யாரோ மணிக்கணக்கில் குனிந்திருக்க வேண்டும்.

பவளம் வெளுக்க முதல் காரணம் கடல் சூடேறுவது, பிளாஸ்டிக் அல்ல. சுவரில் தொங்கும் பின்னலால் கடலில் ஒரு பைகூடக் குறையாது என்பவர்களுக்கும் பதில் சொல்வது கடினம். அழகாக வேறு இருந்து தொலைக்கிறது! ஆனால் அவர்கள் செய்த இன்னொரு காரியத்தில் அழகு இல்லை. 2007 முதல் 2011 வரை, நான்கு வருடம், தங்கள் வீட்டில் சேர்ந்த பிளாஸ்டிக்கை வெளியே எறியாமல் சேர்த்துவைத்தார்கள். அந்தக் குவியலும் கண்காட்சிக்குப் போனது.

பவளத் திட்டு 2019-ல் வெனிஸ் பியனாலே வரை சென்றது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் தங்கள் ஊர்த் திட்டுகளைப் பின்னினார்கள். கலிஃபோர்னிய வாக்காளர்கள் 2016-ல் மெல்லிய பைகளுக்குத் தடை போட்டார்கள். கடைகள் தடித்த பைகளைக் காசுக்கு விற்றன. அதையும் அடைக்க 2024-ல் இன்னொரு சட்டம் வந்தது. அமலுக்கு வரும் நாளாக 2026 ஜனவரி 1 குறிக்கப்பட்டது.