சர்ச்கேட்டில் சனிக்கிழமை வகுப்பு

நரைத்த தலைகளும் நோட்டுப் புத்தகத்துடன் வருகின்றன. மும்பை ஆடிட்டர்களுக்குப் படிப்பு முடிவதே இல்லை.

சனிக்கிழமை காலை. விராரிலிருந்து வந்த லோக்கல் ரயில் சர்ச்கேட்டில் காலியாகிறது. வாரநாட்களின் இடிபாடு இல்லை. தோள்பையும் தடித்த சட்டப் புத்தகமுமாக இறங்குகிறவர்கள் தனியாகத் தெரிகிறார்கள். நடந்துபோகும் தூரத்தில் இந்தியன் மெர்ச்சன்ட்ஸ் சேம்பர் கட்டடம். நான்காவது மாடியில் வால்சந்த் ஹீராசந்த் அரங்கம். வரிச் சட்டத்தைப் பிரித்து மேயும் சொற்பொழிவுகளுக்குப் பேர்போன இடம்.

நகரத்துக்கு இந்தப் பழக்கம் புதிதல்ல. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் பிறந்த அதே 1949இல்தான் பாம்பே சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சொசைட்டியும் தொடங்கியது. பட்ஜெட்டை விளக்க 1958இல் கிரீன்ஸ் ஹோட்டலில் பேசத் தொடங்கிய நானி பால்கிவாலாவுக்குக் கூட்டம் பெருகிப் பெருகி, கடைசியில் பிராபோர்ன் கிரிக்கெட் ஸ்டேடியமே தேவைப்பட்டது. கையில் குறிப்பில்லாமல் புள்ளிவிவரங்களை அடுக்குவார். 1994 வரை நடந்தது அந்தத் திருவிழா.

இன்றைய கூட்டங்களுக்குப் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. சொந்தத் தொழில் நடத்தும், 60 வயதுக்கு உட்பட்ட ஆடிட்டர் 2023-25 மூன்றாண்டில் 120 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்றது இன்ஸ்டிட்யூட். அதில் பாதியாவது அங்கீகரிக்கப்பட்ட வகுப்புகளில். எனவே வருகிற எல்லோரும் அறிவுத் தாகத்தில் வருவதாகச் சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கைபேசியில் மூழ்குபவரும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகுபவரும் உண்டு. 2020இல் கொரோனா வந்ததும் வகுப்புகள் கணினித் திரைக்குப் போயின. திரைக்கு முன்னால் யார் விழித்திருந்தார் என்பது அவரவருக்கே வெளிச்சம்.

ஆனால் இப்போது தூக்கம் கட்டுப்படியாகாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்குப் பதிலாக 2025இல் நிறைவேறிய புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. மொத்தம் 536 பிரிவுகள். 'முந்தைய ஆண்டு', 'கணிப்பு ஆண்டு' என்ற பழைய குழப்பம் போய் ஒரே 'வரி ஆண்டு'. மாதச் சம்பளக்காரர்கள் வீட்டுப் பெயர்போலச் சொல்லிவந்த 80சி, இனி 123ஆவது பிரிவு. முப்பது வருடம் மனப்பாடமாக இருந்த எண்களை நாக்கு மறக்க வேண்டும். முழுதாகவும் மறக்க முடியாது: 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டம்தான். பாக்கி வழக்குகள் தீரும்வரை இரண்டு சட்டங்களையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இதற்கென்றே ஆட்களை வைத்துக்கொள்ளும். புறநகரில் ஒற்றை அறையில், இரண்டு உதவியாளர்களோடு தொழில் நடத்துபவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு நாள் கூட்டம் என்றால் கட்டணம் போக, ஒரு நாள் வேலையும் போகிறது. வராவிட்டாலோ தவறான பிரிவில் போட்ட கணக்குக்கு நோட்டீஸ் வரும். அது போய்ச் சேருவது மளிகைக் கடைக்காரரின் முகவரிக்கு. ஆடிட்டரின் அறியாமைக்கு வட்டி கட்டுவது வாடிக்கையாளர்தான்.

அதனால்தான் தேநீர் இடைவேளையில் சூடு பிடிக்கிறது. மேடையில் கேட்கக் கூசிய சந்தேகங்கள் கோப்பைகளோடு வெளியே வருகின்றன. பெரிய வக்கீலுக்கு எட்டாத சில்லறைச் சிக்கலுக்குப் பக்கத்தில் நிற்பவர் விடை வைத்திருக்கிறார். பதிவேட்டில் இதற்கு மணிக்கணக்கு கிடையாது.

மாலையில் மறுபடி விரார் லோக்கல். உட்கார இடம் கிடைத்தவர் புத்தகத்தைப் பிரித்து, புதிய எண்ணுக்குப் பக்கத்தில் பழைய எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொள்கிறார்.