ஆடுகளத்து ஆசிரியர்

அமெரிக்க நாட்டின் சிற்றூர்களில் இலையுதிர் காலத்து வெள்ளிக்கிழமை மாலை வந்துவிட்டால், ஊர் மக்களுள் பெரும்பாலோரை உயர்நிலைப் பள்ளியின் ஆடுகளத்திலே காணலாம். அங்கு ஆடப்பெறுவது மலேசிய, சிங்கப்பூர் மாணவர் அறிந்த காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடியும், எறிந்தும், தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்த பதினொருவர் எதிர் நிற்கும் பதினொருவரோடு மோதியும் ஆடும் வன்மையான ஆட்டம் அது. ஏறத்தாழ 10 இலட்சம் பள்ளி மாணவர் ஆண்டுதோறும் அதனை ஆடுகின்றனர். டெக்சஸ் மாநிலத்தின் ஆலன் நகரப் பள்ளிக்கு, 18,000 பேர் அமரத்தக்க விளையாட்டரங்கு ஒன்று ஏறத்தாழ 6 கோடி டாலர் செலவில் 2012இல் எழுப்பப்பட்டது என்றால், அம்மக்கள் அவ்வாட்டத்தின்மீது கொண்ட பற்றினை வேறு சொல்லவும் வேண்டுமோ?

பற்று மிகுந்த இடத்தில் பதற்றமும் மிகும். பள்ளியொன்றில் பயிற்றுநர் பதவி ஒழிந்துவிட்டால் ஊரே கூடிப் பேசும். 'அவர் இதுவரை எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்கிறார்?' என்பதே முதலில் எழும் வினா. அவ்வினா தவறன்று, வெல்லும் விருப்பமின்றி ஆட்டம் ஏது? ஆயினும் ஒரு பள்ளிக்கு அது நிறைவான வினாவும் அன்று. தொழில்முறை அணி தனக்கு வேண்டிய ஆட்டக்காரரைப் பொருள் கொடுத்துத் தேடிக்கொள்ளும். பள்ளி அணியோ வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கொண்டே உருவாக வேண்டும். நான்காண்டுகளில் அவர்கள் பள்ளியைவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களுள் மிகச் சிலரே பின்னாளில் அவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொள்வர். எஞ்சிய அனைவரும் தம்மோடு எடுத்துச் செல்வது பந்தை அன்று; பயிற்றுநர் தம்முள் விதைத்ததையே.

வினைக்கு உரியவரை ஆராய்ந்து தேர்ந்து அமர்த்துவதற்கென்றே 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்தை வகுத்தார் வள்ளுவர். அரசர்க்கு உரைத்த அந்நெறி பள்ளிக்கும் பொருந்தும். பொதுவாக 'நல்ல பயிற்றுநர்' என்று ஒருவரைச் சொல்வதற்கும், 'இப்பள்ளிக்கு உரியவர்' என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதை அறிய வேண்டுமாயின், அப்பள்ளியின் தேவை யாது என்பதை முதலில் அறிய வேண்டும்.

1971ஆம் ஆண்டில் வர்ஜீனியா மாநிலத்து அலெக்சாண்டிரியா நகரில், மூன்று உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்பு மாணவர் அனைவரும் டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் ஒன்றுசேர்க்கப்பட்டனர். அதுவரை எதிரெதிர் அணிகளில் நின்றவர்கள் ஒரே அணியில் தோளோடு தோள் நிற்க வேண்டியவராயினர். வெள்ளையர், கறுப்பினத்தவர் என்னும் பிளவும் அவர்களிடையே இருந்தது. தலைமைப் பயிற்றுநராகக் கறுப்பினத்தவரான ஹெர்மன் பூன் அமர்த்தப்பட்டார். அப்பதவி பில் யோஸ்ட் என்னும் வெள்ளையருக்கே கிடைக்கும் எனப் பலர் எதிர்பார்த்திருந்தனர். அவரோ பூனுக்குத் துணைவராகப் பணியாற்ற இசைந்தார். கெட்டிஸ்பர்க் கல்லூரியில் அணியினரை ஒருங்கே தங்கவைத்துக் கடும் பயிற்சி அளித்தார் பூன். அவ்வாண்டு ஆடிய 13 ஆட்டங்களிலும் வென்று அவ்வணி மாநிலப் பட்டத்தைப் பெற்றது. அன்று அப்பள்ளிக்குத் தேவைப்பட்டது புதிய ஆட்ட உத்தி அன்று. பிரிந்து கிடந்தவர்களை ஓரணியாக்கும் உறுதி. அது பூனிடம் இருந்தது. ஆயினும் அவருடைய கடுமை பற்றிப் பிற்காலத்தில் குறைகள் எழுந்தன. 1979இல் அவர் அப்பொறுப்பினின்று நீக்கப்பட்டார். ஒரு வேளைக்கு மருந்தாவது மறுவேளைக்கு அளவு மீறியதாகிவிடலாம். பொருத்தம் என்பது ஆளை மட்டுமன்றிக் காலத்தையும் சார்ந்தது என்பதற்கு இது சான்று.

கலிபோர்னியாவின் கான்கோர்டு நகரில் உள்ள டி லா சால் பள்ளியின் கதை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் புகழ்பெற்ற பள்ளிகளை நிறுவிய லசால் சகோதரர் சபையைச் சேர்ந்த பள்ளி அது. 1979இல் பாப் லாடசூர் என்னும் இளைஞர் அங்குப் பொறுப்பேற்றபோது, தோல்வியைவிட வெற்றி மிகுந்த ஆண்டு ஒன்றேனும் அப்பள்ளி அணிக்கு வாய்த்ததில்லை. அவரோ அதே பள்ளியில் சமயப் பாடமும் கற்பித்தவர். வாரந்தோறும் ஒவ்வொரு மாணவனும் பயிற்சியிலும் ஆட்டத்திலும் தான் அடைய வேண்டிய இலக்கினைச் சிறு அட்டையில் எழுதித் தோழன் ஒருவனிடம் ஒப்புவிக்க வேண்டும் என்பது அவ்வணியின் வழக்கமாயிற்று. ஆசிரியருக்கு அஞ்சி உழைப்பது ஒருவகை. தோழனுக்குக் கொடுத்த சொல்லைக் காக்க உழைப்பது வேறுவகை. ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் அது நிலைக்கும். 1992 முதல் தொடர்ந்து 151 ஆட்டங்களில் அவ்வணி வென்றது. 2004இல் அத்தொடர் அறுந்தது. அதன் பின்னரும் அவர் 2012ஆம் ஆண்டுப் பருவம் முடியும்வரை அங்கேயே பயிற்றுவித்தார். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் 151 என்பதைக் காண்பர். ஆசிரியராயிருப்பவர் அச்சிறு அட்டையைக் காண்பார்.

வெற்றியைத் தேடும் வேட்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. தலையில் அடிபட்ட மாணவனை மீண்டும் களத்தில் இறக்குவதா, அமரவைப்பதா என்று முடிவு செய்யச் சில நொடிகளே இருக்கும். 2006இல் வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்ட பின்னரும் அதே ஆட்டத்தில் மீண்டும் ஆடினான். மூளையில் நேர்ந்த பெருந்தீங்கினால் நெடுங்காலம் துன்புற்றான். மூளை அதிர்ச்சிக்கு ஆளானதாக ஐயம் எழுந்த மாணவனை உடனே வெளியேற்ற வேண்டும், மருத்துவத் தகுதியுடையார் ஒப்புதலின்றி மீண்டும் சேர்த்தலாகாது என்னும் சட்டம் 2009இல் அம்மாநிலத்தில் பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் 50 மாநிலங்களும் அத்தகைய சட்டங்களை இயற்றின. சட்டம் வழி காட்டும். ஆனால், ஆரவாரிக்கும் கூட்டத்தின் நடுவே, ஆட்டம் கைநழுவும் நிலையில், தம் சிறந்த ஆட்டக்காரனை அமரவைக்கும் துணிவைச் சட்டம் தாராது. அத்துணிவு இல்லாதவர் எத்துணைப் பட்டங்கள் பெற்றவராயினும் பள்ளிக்கு உரியவர் ஆகார்.

இறுதியாக, ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும் பண்பு ஒன்று உண்டு. அயோவா மாநிலத்தின் பார்க்கர்ஸ்பர்க் ஏறத்தாழ 2,000 பேர் வாழும் சிற்றூர். எட் தாமஸ் 1975 முதல் அங்குப் பயிற்றுவித்தார். அவரிடம் பயின்ற நால்வர் தொழில்முறை அணிகளுக்குச் சென்றனர். 2008 மே 25ஆம் நாள் வீசிய கொடிய சுழற்காற்று பள்ளியை அழித்தது. ஆடுகளமெங்கும் இடிபாடுகள் சிதறிக் கிடந்தன. அவ்வாண்டுப் பருவத்தில் அதே களத்தில் ஆடியே தீர்வது என்று உறுதி பூண்டார் அவர். ஊரார் கைகோத்துக் களத்தைத் துப்புரவு செய்தனர். சொன்னபடியே அங்கு ஆட்டம் நடைபெற்றது. வீடிழந்த மக்களுக்கு ஓர் ஆட்டம் என்ன தரும் என்று கேட்கலாம். ஊர் இன்னும் அழியவில்லை என்னும் நம்பிக்கையை அது தந்தது. மறு ஆண்டு 2009 ஜூன் 24ஆம் நாள், மனநோய்க்கு ஆளாகியிருந்த முன்னாள் மாணவன் ஒருவனால் தாமஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். துயரில் மூழ்கியிருந்த அவருடைய குடும்பத்தார், சுட்டவனின் பெற்றோருக்காகவும் இறைவனை வேண்டுமாறு ஊராரைக் கேட்டுக்கொண்டனர். ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் கற்பித்தது எது என்பதை அச்செயல் உலகுக்குக் காட்டிவிட்டது.

இம்மூவரும் குணத்தால் வேறுபட்டவர். அவர்கள் பணியாற்றிய பள்ளிகளும் வேறுபட்டவை. ஒருவர் இடத்தில் மற்றொருவரை வைத்திருந்தால் அதே பயன் விளைந்திருக்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே, பயிற்றுநரைத் தேர்ந்தெடுக்க அமர்வோர் வெற்றிப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தபின் வேறு சில வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். இப்பள்ளியில் இன்று குறைவது யாது? அதனை இவர் கண்டுகொண்டாரா? மாற்றாட்டக்காரனாக ஓரத்தில் அமர்ந்தே நான்காண்டுகளைக் கழிக்கும் மாணவனின் பெயரும் இவருக்குத் தெரிந்திருக்குமா? தோற்ற மறுநாள் காலையில் அவன் முகம் பார்த்து இவர் பாடம் நடத்துவாரா? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு, எத்தனை ஆட்டங்களில் வென்றார் என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.