கட்டடம் தந்தோம், ஆசானைத் தந்தோமா?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் கரிசல் வட்டாரத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த விடுதியில் விடுவது என்று தந்தையும் தாயும் கூடிக் கூடி ஆலோசிப்பார்கள். கட்டணம் எவ்வளவு, தேர்ச்சி விகிதம் எவ்வளவு, தொழுகைக்கு வசதி உண்டா, உணவு எப்படி என்றெல்லாம் விசாரிப்போம். ஆனால், அங்கே முதல்வராக இருப்பவர் யார், எப்படிப்பட்டவர் என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

பகலில் மட்டும் நடக்கும் பள்ளிக்கும் விடுதியோடு கூடிய பள்ளிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. முன்னதில் மாலை மணி அடித்ததும் பொறுப்பு பெற்றோரிடம் திரும்பிவிடும். பின்னதில் அது திரும்புவதில்லை. நள்ளிரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், வீட்டு நினைவில் ஒரு பிள்ளை தலையணையை நனைத்தாலும், அதற்கு விடை சொல்ல வேண்டியவர் முதல்வரே. பிறர் பெற்ற பிள்ளைகள் அவரிடம் அமானிதம்.

நான் விடுதியில் தங்கிப் படித்தவன். மழை பொய்த்த ஓர் ஆண்டில் பருத்தி கைவிட்டது. தந்தையால் கட்டணம் செலுத்த இயலவில்லை. பாக்கி வைத்தோர் பெயரை வரிசையில் நிறுத்திப் படிப்பது அன்றைய வழக்கம். எங்கள் முதல்வர் அந்த வழக்கத்தை நிறுத்தினார். அவரவர் தந்தைக்குத் தனித்தனியே கடிதம் எழுதி, அறுவடைவரை தவணை கொடுத்தார். அவர் நடத்திய பாடங்களை நான் மறந்திருக்கலாம். பிறர் முன்னிலையில் எங்கள் தலை குனியாமல் காத்த அந்தப் பண்பை இன்றளவும் மறக்க முடியவில்லை.

இத்தகைய மனிதர்கள் ஒரு சமுதாயத்துக்கு எப்படிக் கிடைக்கிறார்கள்? இதற்கு விடை தேடினால், கடல் கடந்து இலங்கையின் கொழும்பு வரை நம் சிந்தனை செல்ல வேண்டியிருக்கிறது.

கொழும்பு மருதானையிலுள்ள ஸாஹிரா கல்லூரி 1892இல் தொடங்கப்பட்டது. அறிஞர் சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரிக்காரும் அதற்கு வித்திட்டவர்கள். பள்ளி பிறந்துவிட்டது, ஆயினும் அதை ஆளாக்கி விடுவதற்கு ஓர் ஆள் வர வேண்டியிருந்தது. 1921இல் டி.பி. ஜாயா முதல்வரானார். மலாய்க் குடும்பத்தில் பிறந்து, பிற பள்ளிகளில் ஆசிரியராகப் பழகியிருந்த அவர், 1947வரை 26 ஆண்டுகள் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். சிறிய பள்ளியாக அவர் கைக்கு வந்தது, நாடறிந்த கல்லூரியாக அவர் கையிலிருந்து இறங்கியது. பின்னர் அவர் சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இடம்பெற்றார்.

அவருக்குப்பின் வந்தவரைப் பற்றித்தான் நாம் குறிப்பாகச் சிந்திக்க வேண்டும். அவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்றவர். இலங்கை சிவில் சேவையில் முதன்முதலாக இடம்பெற்ற முஸ்லிம் அவரே. உலகப் போர்க்கால நெருக்கடியில், 1942இல், கல்முனைக்கு அரசாங்க அதிகாரியாக அனுப்பப்பட்டார். உணவு உற்பத்தியைப் பெருக்குவது அவருடைய வேலை. வயலைப் பார்க்கச் சென்றவரின் கண்ணில் வயலோரத்துப் பிள்ளைகளும் பட்டார்கள். அறிவிருந்தும் பள்ளி கிடைக்காத பிள்ளைகள்! அங்கே கல்விச் சங்கம் ஒன்று உருவாக அவர் காரணமானார். பணமில்லாத குறையால் எந்த மாணவனும் படிப்பை இழக்கலாகாது என்று 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார்.

1948இல் அவர் செய்த காரியம் பலரையும் வியக்க வைத்திருக்கும். சிவில் சேவைப் பதவியைத் துறந்து, ஸாஹிராவின் முதல்வராக வந்து அமர்ந்தார். 1961வரை அந்த நாற்காலியில் இருந்தார். கல்லூரியைச் சமுதாயத்தின் சிந்தனைக்கே நடுநாயகமாக்க வேண்டும் என்பது அவருடைய வேட்கை. முஸ்லிம் அல்லாத மாணவர்களும் அங்கே பயின்றனர். தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களுள் ஒருவர். 1973இல் அஸீஸ் மறைந்தார்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று யோசியுங்கள். நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் கலெக்டராகி, பிறகு அந்தப் பதவியை விட்டு ஒரு பள்ளியின் முதல்வராகப் போகிறேன் என்றால் நாம் என்ன சொல்வோம்? “பிழைக்கத் தெரியாதவன்” என்போம். உறவினரைக் கூட்டி அறிவுரை சொல்ல வைப்போம்.

பள்ளிக்கு நிலம் கொடுக்க நம்மில் செல்வர்கள் இருக்கிறார்கள். வகுப்பறை கட்டிக் கொடுத்துப் பெயர்ப்பலகை பதிக்கவும் இருக்கிறார்கள். அவர்கள் கொடை வாழ்க! ஆனால், வீட்டில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை ஆசிரியப் பணிக்குக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? கெட்டிக்காரப் பிள்ளை பொறியியலுக்கு, அடுத்தது வணிகத்துக்கு, வேறெதுவும் கிடைக்காதது வாத்தியார் வேலைக்கு என்று நாமே பங்கு பிரித்து வைத்திருக்கிறோம். பிறகு நல்ல முதல்வர் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்க்கிறோம். விதைக்காத நிலத்தில் வெள்ளாமை தேடலாமா?

நம் கோவில்பட்டிச் சீமையின் சம்சாரிக்குப் புழுதி விதைப்பு தெரியும். புரட்டாசியில், வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லாதபோதே, காய்ந்த கரிசலில் விதையை இட்டுவிட்டுக் காத்திருப்பான். மழை வந்தபின் விதைக்கலாம் என்றிருந்தால், சேறாகிவிட்ட கரிசலில் ஏர் இறங்காது, பருவமும் தவறிவிடும். ஆசிரியரை உருவாக்குவதும் அப்படித்தான். பள்ளி கட்டியபின் முதல்வரைத் தேடினால் கிடைக்கமாட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வீட்டில் அவர் விதைக்கப்பட்டிருக்க வேண்டும்.

விடியுமுன் தீப்பெட்டி ஆலைப் பேருந்துகளில் நம் பகுதிச் சிறுவர் சிறுமியர் ஏறிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. அந்தத் தலைமுறை இழந்த படிப்பை அவர்களின் பேரப்பிள்ளைகளாவது பெற வேண்டாமா?

ஆகவே, இந்தக் கோடையில் விடுதியைப் பார்க்கச் செல்லும்போது முதல்வரைச் சந்தித்துப் பேசிவிட்டே திரும்புங்கள். இரவில் பிள்ளைகளுடன் தங்குபவர் யார், நோயுற்றால் அழைத்துச் செல்பவர் யார், கட்டணம் தாமதமானால் பிள்ளையிடம் கேட்பீர்களா, எங்களிடம் கேட்பீர்களா என்று விசாரியுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே ஆளை அறியலாம்.

உங்கள் மகளோ மகனோ “நான் ஆசிரியராக வேண்டும்” என்று சொன்னால், முகம் சுளிக்காதீர்கள். அன்று இரவே உட்கார்ந்து, எந்தக் கல்லூரி, எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு என்று மருத்துவப் படிப்புக்குக் கணக்கிடுவதைப் போன்றே கணக்கிடுங்கள். நாளைய பள்ளிக்கு நாம் தரக்கூடிய மிகப் பெரிய நன்கொடை அந்தப் பிள்ளைதான்.